முதலில் புள்ளி, அப்புறம்தான் கோலம்: வேதிப்பிணைப்பு கேள்வி பதில்

பதினொன்றாம் வகுப்பு வேதிப்பிணைப்புப் பாடத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேருக்கு நோய் ஒன்றுதான்: மூலக்கூறின் வடிவத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

கேள்வி: சார், கார்பன் டைஆக்சைடில் நடுவில் ஓர் அணு, பக்கத்துக்கு ஒன்று. தண்ணீரிலும் அப்படியே. ஆனால் அது நேர்கோடு, இது வளைவு என்கிறார்கள். பரீட்சையில் எனக்கு மாறிப்போகிறது.

பதில்: மாறத்தான் செய்யும் அம்மா. புள்ளி வைக்காமல் கோலத்துக்குக் கோடு இழுத்தால் வேறென்ன ஆகும்? முதலில் அணுவின் கடைசிச் சுற்றில் இருக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியாக வை. தண்ணீரில் ஆக்சிஜனுக்கு 6, ஹைட்ரஜன் இரண்டுக்கும் சேர்த்து 2, ஆக மொத்தம் 8. அதாவது நாலு இணை. இரண்டு இணை பிணைப்புக்குப் போயிற்று, இரண்டு இணை ஆக்சிஜன் மேலேயே தனித்து நிற்கிறது. கார்பன் டைஆக்சைடில் கார்பனின் 4 எலக்ட்ரான்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் தீர்ந்துவிடுகின்றன. கார்பன் மேல் தனித்த இணையே கிடையாது. இரட்டைப் பிணைப்பு என்றாலும் திசை ஒன்றுதான். எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தள்ளும். இரண்டு திசைகள் முடிந்தவரை விலகினால் 180 டிகிரி, நேர்கோடு.

தண்ணீருக்கு, இணைக்கு ஒன்றாக நாலு பலூன் வாங்கு. ஒரே அளவாக ஊதி, நாலு முடிச்சையும் சேர்த்துக் கட்டி மேஜையில் வை. மூன்று பலூன் கால் மாதிரி ஊன்றிக்கொள்ளும், நாலாவது மேலே நிற்கும். நீ கையால் அழுத்தித் தட்டையாக்கினாலும் விட்டவுடன் பழையபடி எழுந்துகொள்ளும். அதுதான் நான்முகி. இப்போது இரண்டு பலூன் நுனியில் மட்டும் பொட்டு ஒட்டு. அவை ஹைட்ரஜன்கள். வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்களைத்தான் பார்க்கிறோம், வெறும் பலூனைப் பார்ப்பதில்லை. பொட்டு, நடு முடிச்சு, பொட்டு மூன்றையும் சேர்த்தால் வளைவுதானே!

கேள்வி: நான்முகி என்றால் 109.5 டிகிரி. தண்ணீரில் 104.5தானே இருக்கிறது? மீதி 5 டிகிரி எங்கே போயிற்று?

பதில்: பிணைப்பு இணையை இரண்டு பக்கமும் அணுக்கரு இழுத்துப் பிடிப்பதால் அது ஒல்லியாக நிற்கும். தனித்த இணைக்கு ஒரு பக்கம்தான் பிடி. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் காலைப் பரப்பி உட்காருகிறவர் மாதிரி அது இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவர்களை நெருக்கும். தனித்த இணையே இல்லாத மீத்தேனில் 109.5. ஒன்று இருக்கும் அம்மோனியாவில் சுமார் 107. இரண்டு இருக்கும் தண்ணீரில் 104.5.

கேள்வி: அப்படியானால் ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் இரண்டு தனித்த இணைதான். அதிலும் 104 வர வேண்டுமே? புத்தகத்தில் 92 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை இல்லை தம்பி. நல்ல இடத்தில் பிடித்தாய். கந்தகம் பெரிய அணு, ஆக்சிஜன் அளவுக்கு எலக்ட்ரானை இழுக்கவும் செய்யாது. அதனால் பிணைப்பு இணைகள் நடு அணுவை விட்டுத் தள்ளியே இருக்கின்றன. ஒன்றையொன்று அவ்வளவு இடிப்பதில்லை, கோணம் 90-ஐ நோக்கிச் சுருங்குகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், கந்தகம் இங்கே ஆர்பிட்டால்களை, அதாவது எலக்ட்ரான் தங்கும் இடங்களை, ஒன்றோடொன்று கலக்கும் இனக்கலப்பையே பெரிதாகச் செய்யாமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் பி ஆர்பிட்டால்களையே பயன்படுத்திக்கொள்கிறது. ஓர் எஸ், மூன்று பி கலந்தது என்று 'எஸ்பி3' எழுதிவிட்டால் கோணம் வந்துவிடும் என்று நினைக்காதே. கோணத்தை அளந்த பிறகு அதற்குப் பொருத்தமாக நாம் சொல்லும் கணக்குதான் இனக்கலப்பு.

இந்த எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கைக்கு சிட்விக், பவல் இருவரும் 1940-லேயே அடி போட்டார்கள். 1957-ல் கில்லஸ்பியும் நைஹோமும் அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடுமா குறையுமா என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். துல்லியமான டிகிரியை அதனிடம் கேட்கக் கூடாது.

கேள்வி: சாப்பாட்டு உப்பு மூலக்கூறின் வடிவம் என்ன?

பதில்: உப்புக் கல்லில் மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். எது யாருடைய ஜோடி என்று பிரிக்கவே முடியாது.

கேள்வி: ஐயா, 'பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும்' என்று என் மகள் எழுதியதைத் தப்பு என்று அடித்துவிட்டார்கள். அடுப்பில் எரிவாயு உடைந்துதானே சூடு வருகிறது?

பதில்: அடித்தது சரிதான் அம்மா, ஆனால் ஏன் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். உடைக்க எப்போதும் நாம்தான் செலவு செய்ய வேண்டும். சாண எரிவாயுவில் எரிவது மீத்தேன். ஒரு மோல் மீத்தேனை எடுத்துக்கொள்வோம் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு). அதில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நாலு, ஒன்றுக்கு 413 கிலோ ஜூல். அதோடு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு, ஒன்றுக்கு 498. உடைக்கும் செலவு மொத்தம் 2648. இப்போது வரவு. கார்பன் டைஆக்சைடில் இரண்டு பிணைப்பு, ஒன்றுக்கு 799. நீராவியில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு நாலு, ஒன்றுக்கு 463. ஆக 3450. செலவு போக மிச்சம் 802. உங்கள் பாத்திரத்தைச் சூடாக்குவது அந்த மிச்சம்தான். முதல் செலவுக்குத்தான் தீக்குச்சி. பற்றிய பிறகு நெருப்பே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அம்மோனியா, நைட்ரஜன் ட்ரைஃபுளோரைடு இரண்டும் ஒரே வடிவம். ஃபுளோரின்தான் அதிகம் இழுக்கும். ஆனாலும் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, அம்மோனியாவுக்கு 1.47 டிபை (அதன் அலகு), மற்றதற்கு வெறும் 0.23. தலைகீழாக இருக்கிறதே?

பதில்: போட்டித் தேர்வுக்காரர்களின் செல்லக் கேள்வி. அம்மோனியாவில் பிணைப்புகளின் இழுப்பும் தனித்த இணையின் இழுப்பும் ஒரே பக்கம். மற்றதில் ஃபுளோரின்கள் கீழே இழுக்க, தனித்த இணை மேலே இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் பலசாலிகள் நின்றால் கயிறு நகராது.

கேள்வி: மந்த வாயு சேர்மமே ஆகாது என்றார்கள். அடுத்த பக்கத்திலேயே செனான் என்ற மந்த வாயுவின் சேர்மமான செனான் டெட்ராஃபுளோரைடு வருகிறது!

பதில்: 1962 வரை எல்லோரும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். கனடாவில் நீல் பார்ட்லெட் என்பவர் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைப் பார்த்தார். செனானிடமிருந்து பிடுங்கவும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான் ஆகும் என்பது அவர் கண்ணில் பட்டது. செனானையும் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடையும் சேர்த்தார், மஞ்சள் நிறத் திண்மம் கிடைத்தது. நீ கேட்ட சேர்மத்தில் செனானைச் சுற்றி ஆறு இணை, அதாவது மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றிலும் நாலு என்ற எண்முகி. தனித்த இணை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே போய்விடும், நாலு ஃபுளோரினும் தட்டையான சதுரமாக நிற்கும்.

கேள்வி: ஆக்சிஜனுக்குப் புள்ளி வைத்தால் எல்லாமே ஜோடி சேர்ந்துவிடுகிறது. ஆனால் திரவ ஆக்சிஜன் காந்தத்தில் ஒட்டும் வீடியோ பார்த்தேன். எது பொய்?

பதில்: வீடியோ உண்மை. மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஆக்சிஜன் வெளிர்நீலத் திரவம். வலுவான காந்தத்தின் இரு முனைக்கும் நடுவே ஊற்றினால் ஒழுகாமல் தொங்கி நிற்கும். இங்கே நம் புள்ளிக்கோலம் தோற்றுவிட்டது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். எலக்ட்ரான்கள் முழு மூலக்கூறுக்கும் சொந்தம் என்று பார்க்கும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைப்படி எலக்ட்ரான்களை நிரப்பிக்கொண்டே வா. கடைசி இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரே ஆற்றலில் இரண்டு இடம் காலியாக இருக்கும். மறுபடியும் பஸ்தான்: இரண்டு சீட் காலியாக இருந்தால் முன்பின் தெரியாத இருவர் ஒரே சீட்டிலா உட்காருவார்கள்? அந்த இரண்டும் தனித்தனியாக உட்காருகின்றன. காந்தம் பிடித்து இழுப்பது அவற்றைத்தான்.