ஏணையாட்டின கையோட ரெண்டு ரகஅத்

அஸ்ஸலாமு அலைக்கும். போன இதழ்ல தஹஜ்ஜுத (ராவுல எழும்பித் தொழுற தொழுகய) பத்தி ரெண்டே ரெண்டு வரி தான் எழுதினன், அதுக்கு கிண்ணியா, மூதூர், புல்மோட்டை எண்டு எல்லாப் பக்கத்தாலயும் கேள்வி வந்து குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் எடம் காணாது, ஒரே மாதிரி வந்தத ஒண்டாச் சேத்துட்டன்.

கேள்வி: ராத்தா, எனக்கு மூணு புள்ளயள், கடைசிப் புள்ளக்கி எட்டு மாசம். தஹஜ்ஜுத் எண்டா தூங்கி எழும்பித் தான் தொழணும், எட்டு ரகஅத் (தொழுகையில ஒரு சுத்து) தொழணும், பெரிய சூரா (குர்ஆன் அத்தியாயம்) ஓதணும் எண்டு ஒரு பயான்ல கேட்டன். நான் ராவுல எழும்புறதே புள்ளக்கி பால் குடுக்கத் தான். எழும்புவனோ என்னமோ எண்ட பயத்துல இஷாவோடயே (ராத் தொழுகையோடயே) வித்ரயும் (ராவுக் கடைசியில ஒத்தப்படையாத் தொழுறதயும்) தொழுதிருவன். அப்ப எனக்கு இது சரிவராதா? (ஒரு தங்கச்சி, கிண்ணியா)

பதில்: நீங்க எழும்பிட்டீங்களே தங்கச்சி, ஊர்ல பாதிப் பேருக்கு அது தானே ஏலாமக் கெடக்கு.

முதல்ல தூக்கக் கத. நம்ம ஷாஃபி மத்ஹபுல (நாம பின்பற்றுற மார்க்கச் சட்ட வழியில) இஷாவத் தொழுதுட்டு கொஞ்சமாச்சும் தூங்கி எழும்பித் தொழுதாத் தான் அதுக்கு தஹஜ்ஜுத் எண்டு பேர், தூங்காமலே தொழுதா அது கியாமுல் லைல், இராத்தொழுகை, அதுக்கும் கூலி இரிக்கு. உங்களுக்கு இந்தப் பேச்சே தேவயில்ல, பத்து மணிக்குப் படுத்து ரெண்டு மணிக்கு எழும்புறீங்க, அலாரம் எழுப்பினா என்ன புள்ள எழுப்பினா என்ன.

எட்டு ரகஅத் எண்டு அவங்க சொன்னது எங்கருந்து வந்ததெண்டா, நபி (ஸல்) அவங்க றமழான்லயும் சரி மத்த நாள்லயும் சரி 11 ரகஅத்துக்கு மேல தொழல்ல எண்டு ஆயிஷா (ரலி) சொன்ன ஹதீஸ் புஹாரி எண்ட ஹதீஸ் தொகுப்புல இரிக்கு, அதுல மூணு வித்ரு, மிச்சம் எட்டு. அது ரசூலுல்லாஹ்ட வழமை. அதுக்குக் கொறஞ்சா கூடாதெண்டு யாரும் சொல்லல்ல. இராத்தொழுகை ரெண்டு ரெண்டு ரகஅத்தா தான் எண்டு இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறாங்க, அப்ப ரெண்டு தொழுது ஸலாம் குடுத்தாலே நீங்க தொழுதாச்சு. எழும்பினதும் முதல் ரெண்டு ரகஅத்த சுருக்கமாத் தொழுறது சுன்னத்தும் கூட, குல்யாவும் குல்ஹுவல்லாஹுவும் எண்ட ரெண்டு சின்ன சூராவே போதும்.

வித்ரு தொழுதுட்டுப் படுக்கிறதுல ஒரு பிழையும் இல்ல, படுக்க முந்தி வித்ரு தொழச்சொல்லி அபூஹுரைரா (ரலி)க்கே நபியவங்க வஸிய்யத் செஞ்சிரிக்காங்க. ராவுல எழும்பினா ரெண்டு ரெண்டாத் தொழுங்க, வித்ர மறுகா தொழாதீங்க, ஒரு இரவுல ரெண்டு வித்ரு இல்ல எண்டு ஹதீஸ் இரிக்கு. கட்டாயம் எழும்புவன் எண்ட நம்பிக்க வந்த பொறகு வித்ரக் கடைசிக்கு வச்சுக்குங்க, அது இன்னும் நல்லம்.

புள்ள மடிய விட்டு இறங்கல்லயா, தூக்கி வச்சிட்டே தொழலாம். நபியவங்க பேத்தி உமாமாவத் தூக்கி வச்சுத் தொழுதாங்க, சுஜூதுக்குப் போகக்குள்ள கீழ வைப்பாங்க, எழும்பக்குள்ள திரும்பத் தூக்குவாங்க, அதுவும் ஆக்களுக்கு இமாமா நிண்டு. பம்பர்ஸ் மட்டும் துப்புரவா இரிக்கா எண்டு பாத்துக்குங்க.

எண்ட கதயயும் சொல்லிர்றன், சிரிக்காதீங்க. கலியாணம் முடிச்ச புதுசு, ஒரு பயான் கேட்டுட்டு வந்த சூட்டுல அண்டைக்கே ரெண்டு மணிக்கு எழும்பி எட்டு ரகஅத், நீட்டு நீட்டா ஓதி, காலெல்லாம் வீங்கி, அப்பிடி ஒரு பதினொரு நாள் போயிருக்கும், பன்னெண்டாம் நாள் முசல்லாவுலயே தூங்கி விழுந்து கண்ணத் தொறந்தா ஜன்னலால வெயில் அடிக்குது, சுபஹும் போச்சு. அந்த வெக்கத்துல பொறகு ரெண்டு மூணு வருசம் அந்தப் பக்கமே போகல்ல. எங்கட உம்மம்மா எண்டா கடைசி வரைக்கும் ரெண்டே ரெண்டு ரகஅத், முத்தத்துக் கெணத்துல வாளி இறங்குற சத்தம் கேட்டாத் தான் அவ எழும்பிட்டா எண்டு எங்களுக்குத் தெரியும், மழையிலயும் அந்தச் சத்தம் நிக்கல்ல. இராத்தொழுகையத் தொழுது வந்து பொறகு விட்டுட்ட ஒராளப் போல நீ ஆகிராத எண்டு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி)க்கு நபியவங்க சொன்னது புஹாரியில இரிக்கு. அத வாசிக்கிற நேரமெல்லாம் அந்த ஒராள் நான் தான் எண்டு வரும்.

தொழுகையில தூக்கம் கண்ணச் சொருகினா படுத்திருங்க. அதுவும் ஹதீஸ் தான், தூக்கத்துல ஓதக்குள்ள பாவமன்னிப்புக் கேக்கிறதா நெனச்சு தன்னயே ஏசிருவான் எண்டு வருது.

கேள்வி: நான் கடல் தொழில், கொட்டியாரக்குடாவால ராவுல போட்டுல வெளிக்கிட்டா சுபஹுக்குத் தான் கரை. கடைசிச் சாமத்துல துஆ கபூலாகும் (கேக்கிறது ஏத்துக்கப்படும்) எண்டு சொல்றாங்க, அந்த நேரம் நாங்க வலையோட நிக்கிறம். எங்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லையா? (ஒரு வாசகர், மூதூர்)

பதில்: நானா, உங்கட கேள்வி எனக்கு நல்லாப் புடிச்சிருக்கு, ஏனெண்டா உங்களப் போல ஒராள் 1400 வருசத்துக்கு முந்தியே வந்து கேட்டிருக்காரு. யாரசூலல்லாஹ், நாங்க கடல்ல போறவங்க, கொஞ்சத் தண்ணி தான் கொண்டு போறம், அதுல ஒழு எடுத்தா (தொழ முந்தி கை, மொகம், கால் கழுவினா) குடிக்க இல்லாமத் தாகத்துல கெடப்பம், கடல் தண்ணியில ஒழு எடுக்கலாமா எண்டு. அதுட தண்ணி சுத்தமானது, அதுல செத்தது ஹலால் எண்டு நபியவங்க சொன்னாங்க. அவரு கேட்டது ஒண்டு, கெடச்ச பதில் ரெண்டு, உங்கட ஒழுவும் உங்கட மீனும் அந்த ஒரு ஹதீஸுக்குள்ளயே முடிஞ்சுது. அதனால போத்தல் தண்ணிய டீக்கு வச்சிட்டு கடல் தண்ணியிலயே ஒழு எடுங்க.

போட்டு ஆடக்குள்ள நிண்டு தொழப் போய் விழுந்து வச்சிராதீங்க, இருந்து தொழுங்க. நஃபில் (கடமையில்லாத) தொழுகைய நிக்க ஏலுமானவரும் இருந்து தொழலாம், கூலி பாதி, நிக்க ஏலாம இருந்தா முழுக் கூலி. கிப்லா (தொழக்குள்ள பாக்கிற திசை) நமக்கு மேக்காலருந்து கொஞ்சம் வடக்குப் பக்கம், போனுல பாத்துக்குங்க. வலை இழுக்கிற நேரம் வந்தா இழுங்க, அது உங்கட சோறு, கூட்டாளிமாரு இழுக்க நீங்க மட்டும் ஒதுங்கி நீட்டி ஓதிட்டு இரிக்கிறது அவங்கட ஹக்குல கை வைக்கிற மாதிரி. சும்மா வலையப் பாத்துட்டு இரிக்கிற நேரம் தானே கூட, அந்த நேரம் போதும், தொழ ஏலாட்டியும் இஸ்திஃபார் (பாவமன்னிப்புக் கேக்கிறது) செய்ங்க, வாயால தானே.

ஒண்டு சொல்லணும். சூரா முஸ்ஸம்மில்ட தொடக்கத்துல இரவுல கொஞ்சம் தவிர மிச்ச நேரமெல்லாம் நிண்டு தொழச்சொல்லி வந்தது, நபியவங்களும் சஹாபாக்களும் கால் வீங்க வீங்க நிண்டாங்க, 12 மாசம் கழிச்சுத் தான் அந்த சூராட கடைசி ஆயத் எறங்கி கடமையா இருந்தது நஃபிலா மாறிச்சு எண்டு ஆயிஷா (ரலி) சொல்றாங்க. ஏன் லேசாக்கினன் எண்டு அல்லாஹ் அந்த 20ம் ஆயத்துல காரணம் சொல்லக்குள்ள நோயாளியச் சொல்லி, அதுக்கடுத்து அவன்ட அருளத் தேடி பூமியில பிரயாணம் போறவங்களயும் சொல்றான். தொழிலுக்குப் போறவங்க நானா. அதுக்குப் பொறகு தான் ஏலுமானத ஓதுங்க எண்டு வருது.

கேள்வி: ஏ.எல் எடுக்கிறன், இரவின் கடைசி மூணுல ஒண்டு எண்டா சரியா எத்தன மணி? நாலு மணிக்கு எழும்பினா பிந்திருமா? (ஒரு மாணவி, திருகோணமலை டவுன்)

பதில்: மஃரிப் தொடக்கம் சுபஹ் வரைக்கும் உள்ள நேரத்த மூணாப் பிரிக்கணும், பள்ளி கலண்டர் தான் கணக்குப் பொத்தகம். இப்ப மஃரிப் 6.15, சுபஹ் 4.45 எண்டு வையுங்க, மொத்தம் பத்தரை மணித்தியாலம், மூணுல ஒண்டு மூண்டரை, அப்ப ஒண்டே கால் மணிக்குத் தொடங்குது. நாலு மணிக்கு எழும்பினாலும் நேரம் தாராளம் மகள். அந்த நேரத்துல தான் கேக்கிறவன் யாரு நான் குடுக்கிறன் எண்டு ரப்பு கேக்கிறதா அபூஹுரைரா (ரலி) அறிவிச்ச ஹதீஸ் வருது, ரிசல்ட்டும் கேளுங்க, ஆனா பாஸ்ட் பேப்பரும் செய்ங்க. மற்றது, இஷாவுக்குப் பொறகு கத அளக்கிறத நபியவங்க விரும்பல்ல, பன்னெண்டு வரைக்கும் போனக் கையில வச்சிட்டு நாலு மணிக்கு அலாரம் வச்சா அலாரத்துக்குத் தான் பாவம்.

கேள்வி: எங்கட ஊட்டுக்காரர் தஹஜ்ஜுத்துக்கு எழும்பினா எல்லா லைட்டயும் போடுவாரு, சத்தமா ஓதுவாரு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போடுவாரு. நான் எழும்பாட்டி மொகத்துல தண்ணி ஊத்துவாரு, கேட்டா ஹதீஸ் எண்டு சொல்றாரு. மாமியும் எழும்பிருவா, அவவுக்கு பிரஷர் இரிக்கு. (பேர் வேணாம், புல்மோட்டை)

பதில்: ஹதீஸ் இரிக்கு, அபூதாவூதுல. மனைவிய எழுப்பி அவ எழும்பாட்டி மொகத்துல தண்ணி தெளிச்ச மனுசனுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும் எண்டு. தெளிக்கிறது, விளங்குதா, வெரலால. செம்போட கவுத்துறதுக்கு அதுல எடம் இல்ல. அதே ஹதீஸ்ட மறுபாதியில மனைவியும் புருசனுக்குத் தெளிப்பா எண்டு வருது, அவரு அசந்து கெடக்கிற ஒரு நாளைக்குப் பாத்து நீங்களும் சுன்னத்த ஹயாத்தாக்கலாம்.

ராவுல நபியவங்க வந்தா தூங்குறவர் எழும்பாத மாதிரி, முழிச்சிரிக்கிறவருக்கு மட்டும் கேக்கிற மாதிரி ஸலாம் சொல்லுவாங்க, மிக்தாத் (ரலி) சொன்னது, முஸ்லிம்ல இரிக்கு. ஸலாமுக்கே அப்பிடி எண்டா லைட்டுக்கு? ஓதுறதுலயும், மெதுவா ஓதின அபூபக்கர் (ரலி)ய கொஞ்சம் சத்தத்தக் கூட்டச் சொல்லி, சத்தமா ஓதின உமர் (ரலி)ய கொஞ்சம் கொறைக்கச் சொன்னாங்க. இந்தப் பக்கத்த மேசையில தொறந்து வச்சிருங்க. ஸ்டேட்டஸப் பத்தி நான் ஒண்டும் சொல்லல்ல, சுபஹுக்கு ஜமாஅத்துல ஆளக் காணுறதா எண்டு மட்டும் பாருங்க.

கேள்வி: தூங்கிப் போய் தஹஜ்ஜுத் தவறினா கழாச் செய்யணுமா (பொறகு ஈடாத் தொழணுமா)? (இதே கேள்வி நாலு பேர்)

பதில்: கடமையில்ல. நபியவங்களுக்கு நோயாலயோ தூக்கத்தாலயோ தவறினா பகல்ல 12 ரகஅத் தொழுதிருக்காங்க, வழமையாத் தொழுறவங்க அப்பிடிச் செய்யலாம். எழும்ப நிய்யத் வச்சுப் படுத்து தூக்கம் மிஞ்சிட்டா நிய்யத்து வச்ச கூலி எழுதப்படும், அந்தத் தூக்கம் ரப்பு தந்த சதக்கா எண்டும் ஹதீஸ்ல வருது.

கேள்வி: மாதவிடாய் நாள்ல என்ன செய்ற?

பதில்: தொழுகை இல்ல, துஆவும் திக்ரும் இரிக்கு. அந்த நேரத்துல எழும்புற பழக்கம் விடாமக் கெடக்கும்.

கேள்வி: தஹஜ்ஜுத்துக்கு எழும்பினா பசிக்குது ராத்தா, டீ குடிச்சிட்டுத் தொழலாமா?

பதில்: குடிங்க புள்ள. திங்களோ வியாழனோ எண்டா ரெண்டு பிஸ்கட்டும் சேத்துக்குங்க, சுன்னத்து நோன்புக்கு சஹராகிரும்.