அயர்லாந்துக் குடியுரிமை: நாள் கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: 2020 செப்டம்பரில் எம்.எஸ். படிக்க டப்ளின் வந்தேன். 2022 ஜனவரியிலிருந்து வேலை, ஸ்டாம்ப் 1 (வேலை அனுமதியோடு தங்கும் குடியேற்ற வகை). இப்போது ஸ்டாம்ப் 4 (தனி வேலை அனுமதி தேவைப்படாத வகை). நடுவில் ஐ.ஆர்.பி. கார்டை (தங்கும் அனுமதிக்கான அட்டை) புதுப்பிக்க மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. ஐந்து வருடம் முடிந்ததே, விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், டப்ளின்

பதில்: பொறுங்கள். நீங்கள் விமானம் இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். மாணவருக்கான ஸ்டாம்ப் 2-ல் இருந்த காலத்தில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. உங்கள் கணக்கு 2022 ஜனவரியில்தான் தொடங்குகிறது. 2027 ஜனவரிக்கு முன் ஐந்து வருடம் நிரம்பாது. அனுமதி காலாவதியாகிக் கிடந்த மூன்று வாரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நல்லவேளை, அது நடுவில் விழுந்தது. கடைசி ஓராண்டில் விழுந்திருந்தால் சிக்கல் பெரிது.

ஏனென்றால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் நான்கு ஆண்டு இருந்தால் போதும். அந்தக் கடைசி ஆண்டில் 70 நாள் வரை ஊருக்குப் போய்வரலாம். கடும் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் வரை ஏற்பார்கள். 2023-ல்தான் இது சட்டத்தில் ஏறியது. அதற்கு முன் ஆறு வாரம் என்பது வெறும் நடைமுறை. இன்னும் ஆறு வாரம் என்று சொல்பவர்களை நம்பி டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள்.

வசித்ததற்கான ஒவ்வோர் ஆவணத்துக்கும் புள்ளி உண்டு; ஆண்டுக்கு 150 புள்ளிகள் வரும்படி ஆவணம் காட்ட வேண்டும். பங்கு வீட்டில் இருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்: கரண்ட் பில் வேறொருவர் பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கு அறிக்கை, வருவாய்த் துறை தரும் வருடாந்திரச் சம்பளச் சுருக்கம் இரண்டையும் இப்போதே இறக்கி வையுங்கள். போக்குவரத்து அபராதம் கட்டியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அபராதத்தைவிட மறைப்பதுதான் நன்னடத்தைப் பரிசீலனையில் கெடுதல். விண்ணப்பக் கட்டணம் 175 யூரோ, திரும்பி வராது. ஒப்புதல் கிடைத்தபின் 950 யூரோ.

கேள்வி: கணவர் ஐரிஷ் குடிமகன். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஒன்றரை வருடம் இருந்தோம். அது சேருமா?
– வாசகி, கார்க்

பதில்: உங்களுக்குச் சேரும். ஐரிஷ் துணைவர் என்ற வகையில் விண்ணப்பித்தால் தீவு முழுவதும் வசித்த காலம் செல்லும். மற்றவர்களுக்குக் குடியரசுப் பகுதி மட்டுமே. மணமாகி மூன்று ஆண்டும், ஐந்து ஆண்டுக்குள் மூன்று ஆண்டு வசிப்பும் வேண்டும். அதில் கடைசி ஓராண்டு இடைவிடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கால்வே

பதில்: முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஐரிஷ் குடியுரிமை வந்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும். அந்தப் பாஸ்போர்ட்டில் பிறகு பயணம் செய்வது குற்றம். ஆகவே ஐரிஷ் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழையதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பிக்க முடியும்.