டாம் காப்பாற்றாத சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ நாவலை வாசித்து முடித்தேன். முதல் பாதியில் பெரியம்மா சித்திகளின் பேச்சு நீண்டுகொண்டே போனதால் பல பக்கங்களைத் தாண்டித்தான் வந்தேன். கடைசியில் அண்ணன் டாமும் தங்கை மேகியும் வெள்ளத்தில் கட்டிக்கொண்டு சாகும் இடத்தில் அழுதேன். அழுது முடித்ததும் ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. கதையை முடிக்க வழி தெரியாமல் ஆசிரியர் வெள்ளத்தை வரவழைத்துவிட்டாரா? மேகி தன்னைக் காதலித்த ஸ்டீபனை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? நான் வீட்டை எதிர்த்து மணம் செய்துகொண்டவள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நான்தான் போய்ப் பேச வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த நாவல் என்னை இவ்வளவு படுத்துகிறதோ என்னவோ.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது ஐசக் எவன்ஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் எழுதிய மேரி ஆன் எவன்ஸின் அண்ணன். அவரிடம் பிறகு வருகிறேன்.

வெள்ளத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் பழையது. அந்த முடிவுக்கு வாசகனைக் கதை தயார்ப்படுத்தவில்லை என்று நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸே குறைப்பட்டிருக்கிறார். ஆனால் முடிக்கத் தெரியாமல் வரவழைத்த வெள்ளம் அல்ல அது. 1859 ஜனவரியில், நாவல் உருவாகத் தொடங்கியபோதே, எலியட் பழைய ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டி எங்கெங்கே வெள்ளம் வந்தது என்று தேடியிருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் ட்ரென்ட் நதிக்கரையிலுள்ள கெய்ன்ஸ்பரோவுக்குப் போய், தன் கதைக்கு ஏற்ற ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவசரத்தில் ஒட்டவைத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்டீபன் விஷயத்தில் மேகி தன் காரணத்தைத் தானே தெளிவாகச் சொல்கிறாள். அந்தப் பக்கத்தையும் தாண்டிவிட்டீர்கள் போலிருக்கிறது.

எனக்குக் கோபம் அந்தத் தாண்டலில்தான். கண்ணீர் வரும் இடத்துக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்று ஏன் இவ்வளவு அவசரம்? பெரியம்மாக்களின் பேச்சை விட்டுவிட்டால் இந்த நாவலில் மிஞ்சுவது ஒரு படகு விபத்து மட்டுமே. அவர்கள் துணியைப் பற்றியும் கடனைப் பற்றியும் உயிலைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒரு குடும்பம் யாரைச் சேர்த்துக்கொள்ளும், யாரைத் தள்ளிவைக்கும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

முதுகலைத் தேர்வுக்காக இதை வாசித்த நாட்களில், ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் என் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. மேகி புத்தகம் படிப்பதிலோ ஜிப்சிகளிடம் ஓடிப்போனதிலோ அவளுக்குப் பெரிய அக்கறை இல்லை. மேகியின் அப்பா, ஆலைக்காரர் டல்லிவர் வழக்கில் தோற்று வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன அல்லவா? திருமதி டல்லிவர் சாமான் அறையில் உட்கார்ந்து, எலிசபெத் டாட்சன் என்று தன் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுவைத்த மேசைவிரிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அதைச் சொன்னபோது அம்மா கை கழுவப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அவ பேரு போட்டத எவளோ ஒருத்தி விரிச்சு சோறு போடுவாளா?” என்றாள். எங்கள் வீட்டுப் பரண்மேல் அவள் பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒன்று இருந்தது. உடன்பிறந்தவளின் பொருளைக் காப்பாற்றாமல் தங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ள வந்த அக்கா தங்கைகளை, குறிப்பாக க்ளெக் பெரியம்மாவை, அம்மா பல நாள் திட்டினாள். அதன்பின் கதை எங்கே போனாலும் “அந்தப் பெரியம்மா என்ன செஞ்சா?” என்றுதான் கேட்பாள்.

நீங்கள் தாண்டிய பக்கங்களில்தான் முந்நூறு பவுண்டு கடன் வருகிறது. முதல் புத்தகம், எட்டாம் அத்தியாயம். டல்லிவருக்குப் பணமுடை. தங்கை கணவன் மாஸுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கக் குதிரையில் போகிறார். அந்தத் தங்கை வசதியில்லாத குடியானவனைக் கட்டிக்கொண்டு எட்டுப் பிள்ளைகளோடு அல்லாடுகிறவள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பணம் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கொஞ்ச தூரம் போனதும் மேகியின் நினைப்பு வருகிறது. தனக்குப் பிறகு அவளுக்கு டாமை விட்டால் யார்? தான் இன்று தங்கையிடம் கடுமையாக நடந்தால் நாளை டாம் மேகியிடம் அப்படி நடந்துவிடுவானோ? குதிரையைத் திருப்புகிறார். பணம் இப்போதைக்கு வேண்டாம், கவலைப்படாதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

நாவல் முழுக்க இந்தத் திரும்பலைச் சுற்றியே நடக்கிறது என்பது என் வாதம். வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

பிற்பாடு டல்லிவர் நினைவிழந்து படுத்திருக்கும்போது, உறவினர் கூடி அந்தக் கடன் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அத்தை அழுகிறாள். பள்ளிப் பையனான டாம் எழுந்து, அப்பா தன்னிடம் ஒருமுறை சொன்னதைச் சொல்கிறான்: என் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாலும் என் தங்கையிடம் நான் நல்லபடியாகவே இருந்திருக்கிறேன், அந்தப் பணம் போனாலும் போகட்டும், அவர்களை நெருக்க மாட்டேன். அப்பா சொன்னபடியே நடக்கட்டும் என்கிறான் டாம். எவ்வளவு நல்ல பையன்! அவனை வில்லனாகப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

அப்பாவின் சொல் ஒவ்வொன்றையும் அவன் நிறைவேற்றுகிறான். வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்த வேக்கமை மன்னிக்க மாட்டேன் என்று குடும்ப பைபிளில் எழுதச் சொன்னார், எழுதினான். கடனைத் தீர்க்க வேண்டும் என்றார். கிடங்கில் வேலை பார்த்து, க்ளெக் பெரியப்பா கடனாகத் தந்ததைச் சரக்கில் போட்டு வியாபாரம் செய்து காசு காசாகச் சேர்த்துத் தீர்த்தான். ஆலையை மீட்க வேண்டும் என்றார், மீட்டான். சாகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: மேகியிடம் நல்லபடியாக இரு, நான் என் தங்கையிடம் அப்படித்தான் இருந்தேன். இந்த ஒன்றைத்தான் டாமால் முடியவில்லை. முடியவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டீபனோடு படகில் போய், அவனை வேண்டாமென்று விட்டுத் திரும்பி வந்து வாசலில் நிற்கிற மேகியிடம் அவன் சொல்வதைப் பாருங்கள். உனக்குத் தேவை வந்தால் அம்மாவிடம் சொல்லி அனுப்பு, தருகிறேன், என் கூரைக்குக் கீழே மட்டும் வராதே. பணம் தருவதோடு அப்பாவின் சொல் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அவன் மனதார நம்புகிறான். இதைவிடக் கொடுமையான வாசல் ஆங்கில நாவல்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்குப் பிறகுதான் க்ளெக் பெரியம்மா வருகிறாள். கஞ்சத்தனம், கறார், வாயைத் திறந்தால் குத்தல். ஊரெல்லாம் மேகியைத் தூற்றும்போது, சொந்த ரத்தத்தைத் தாங்காவிட்டால் வேறு எதைத் தாங்குவது என்று டாமைக் கண்டித்து, மேகிக்குத் தன் வீட்டில் இடம் தருகிறேன் என்கிறாள். இதைச் சொன்னபோது என் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் திட்டிய பெரியம்மாவை அன்று வாய் நிறையப் புகழ்ந்தாள். முன்பக்கங்களைத் தாண்டியவர்களுக்கு இந்த இடம் எப்படிப் புரியும்?

இனி ஐசக். மணவிலக்குப் பெற வழியில்லாத ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு சேர்ந்து வாழ்வதை 1857இல் மேரி ஆன் அண்ணனுக்கு எழுதினார். ஐசக் தன் கையால் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. வக்கீல் எழுதினார். சகோதரிகளையும் பேச விடாமல் செய்தார் ஐசக். அக்கா கிரிஸி மட்டும் 1859இல், எழுதாமல் இருந்ததற்கு வருந்தி ஒரு கடிதம் போட்டார். மார்ச்சில் இறந்துபோனார். டாம் மேகியை விரட்டும் பக்கங்கள் அதற்குப் பிறகு எழுதப்பட்டவை. லூயிஸ் இறந்தபின், 1880 மே மாதம் மேரி ஆன் ஜான் கிராஸை முறைப்படி மணந்தார். உடனே ஐசக்கிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது, 23 ஆண்டுகளுக்குப் பிறகு! சிறுவயதில் தொடங்கிய பாசம் இந்த நீண்ட மௌனத்தால் உடையவே இல்லை என்று மேரி ஆன் பதில் எழுதினார். டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஹைகேட் இடுகாட்டுக்கு அண்ணன் வந்திருந்தார்.

அந்தப் பதிலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. எத்தனை எளிதாக மன்னித்துவிட்டார்! நாவலிலும் வெள்ளத்தில் படகைத் தள்ளிக்கொண்டு டாமைத் தேடிப் போவது மேகிதான்.

அதனால் உங்கள் சொந்தக்காரர்களின் பேச்சை நான் ஏற்கவில்லை, ர. நீங்கள் போக ஆசைப்பட்டால் போங்கள். விரட்டப்பட்டவள்தான் போக வேண்டும் என்று யாராவது நீதி சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கல்யாணத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரிகூட இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் குடும்பத்தில் அண்ணனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் வயதும் வாயும் உள்ள பெரியம்மாவோ அத்தையோ இருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். அதற்கு முன்னால் அந்த எட்டாம் அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் வாசித்துவிடுங்கள்.