இரண்டுமே 400 என்றால், டைனோ சீட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கைமாறிய ஃபோர்டு எஃப்-150 பிக்அப் ஒன்று வாங்கப் போகிறேன், 2021 மாடல். 3.5 லிட்டர் டர்போ வி6 ஒன்று, டர்போ இல்லாத 5.0 லிட்டர் வி8 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் கம்பெனிக் கணக்கு 400 குதிரைத்திறன். விற்பவர்கள் இருவருமே டைனோ சீட்டு (வண்டியை உருளைகள் மேல் ஓட்டி அதன் சக்தியை அளந்த தாள்) காட்டினார்கள். இரண்டிலும் 400 இல்லை, ஆனால் டர்போவின் எண் கொஞ்சம் கூடுதல். அதை நம்பி வாங்கலாமா? அடிக்கடி படகு டிரெய்லர் இழுப்பேன்.

பதில்: 400 வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கம்பெனி சொல்லும் எண் என்ஜினிலேயே அளந்தது. ரோலர் டைனோ சக்கரத்தில் அளக்கிறது. நடுவில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் டயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும். 15 சதவீதம் போகும் என்பது பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்கு. உண்மையில் அது வண்டிக்கு வண்டி, டைனோவுக்கு டைனோ மாறும். அதனால் இரண்டு இடத்தில் எடுத்த சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று. டர்போ வண்டி சக்கரத்திலேயே 400-ஐ எட்டுகிறது என்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம். நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

சரி, சீட்டில் எதைப் பார்ப்பது? உச்சி எண்ணை விட்டுவிட்டு, என்ஜின் வேகம் கூடக் கூட சக்தி எப்படி ஏறுகிறது என்று காட்டும் கோடு போகும் விதத்தைப் பாருங்கள். வி8-இன் அதிகபட்ச டார்க் (என்ஜினின் சுழற்று விசை) 410 பவுண்டு-அடி, அது வருவது 4,250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). டர்போவுக்கு 500, அதுவும் 3,100-லேயே. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். அப்படிப் பார்த்தால் 3,100-ல் டர்போ தருவது சுமார் 295. வி8 தன் முழு 410-ஐ அங்கேயே தந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் 242-ஐத் தாண்ட வழியில்லை. படகைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது உங்களுக்கு வேண்டியது இந்த இடம்தான். வி8-ஆலும் ஏற முடியும். ஆனால் கியரைக் குறைத்து, இரைந்துகொண்டு ஏறும்.

அப்புறம், டர்போவை ஒரே ஓட்டத்தில் எடை போடாதீர்கள். ரோலர் மேல் வண்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, முன்னால் ஒரு மின்விசிறியை வைத்து ஓட்டுவார்கள். சாலையில் பாய்ந்து வரும் காற்றுக்கு அந்த விசிறி ஈடாகாது. முதல் ஓட்டத்தில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குளிர்ந்திருக்கும், எண் நன்றாக வரும். இடைவெளி விடாமல் இரண்டாவது, மூன்றாவது ஓட்டம் போனால் உள்ளே போகும் காற்று சூடாகிவிடும். பெட்ரோல் தானாக வெடித்து என்ஜின் தட்டாமல் (நாக் ஆகாமல்) இருக்க கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், கோடு இறங்கும். வி8-க்கும் சூடு பிடிக்கும்தான், ஆனால் அந்த இறக்கம் பொதுவாகச் சிறியது. சுமை இழுப்பவருக்கு மூன்றாவது ஓட்டம்தான் உண்மையான சீட்டு.

சீட்டின் மூலையில் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தம் என்று ஒரு பெருக்கெண் இருக்கும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை. உயரமான ஊரில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத என்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இழக்கும், அதைச் சரிக்கட்டத்தான் இந்தத் திருத்தம். டர்போவோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும். அதற்கும் அதே பெருக்கெண்ணைப் போட்டால் இல்லாத சக்தி காகிதத்தில் முளைத்துவிடும். டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் எடுத்த சீட்டு என்றால், திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் அந்தச் சிறு தாமதம் டைனோ கோட்டில் தெரியாது. அதற்கு ஓட்டித்தான் பார்க்க வேண்டும், முடிந்தால் டிரெய்லரோடு.

முடிந்தால் இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே டைனோவில், ஒரே பெட்ரோலில், மூன்று மூன்று ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. படகு இழுப்பவர் நீங்கள் என்பதால் நான் டர்போ பக்கம்தான் சாய்வேன். ஆனால் அதன் மூன்றாவது கோடு முதல் கோட்டைவிட வெகுவாகக் கீழே கிடந்தால், வி8-ஐ எடுங்கள்.