குரங்கின் இதயம், முயலின் ஈரல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் குலசேகரம். சின்ன வயதில் பாட்டி குரங்கு, முதலைக் கதை சொல்வார். கோதையாற்றங்கரையில் அயினி மரம், அதில் குரங்கு. மனைவி ஆசைப்படுகிறாள் என்று முதலை அதன் இதயத்தைக் கேட்கும். ‘அதை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே’ என்று சொல்லிக் குரங்கு தப்பிவிடும். மகளுக்கு வாங்கிய கொரியக் கதைப் புத்தகத்திலும் இதே கதை இருக்கிறது. அங்கே முயல், ஆமை, ஈரல். கதை இங்கிருந்து போனதா? இல்லை, மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் நடக்கும். சின்ன உயிர் பெரிய உயிரை ஏமாற்றும் கதை எந்த ஊரிலும் தானாக முளைக்கும். கானாவின் அகான் மக்களுக்கு அனான்சி என்ற சிலந்தி இருக்கிறது. அடிமைகளாகப் பிடித்துப் போகப்பட்டவர்களோடு அது ஜமைக்கா வரை போனது. அடிபடுகிறவர்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு கதை வேண்டியிருக்கிறது.

ஆனால் தண்ணீரில், எதிரியின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, ‘உறுப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்’ என்று சொல்வது வேறு. இவ்வளவு விசித்திரமான பொய் தனித்தனியாக இரண்டு இடத்தில் பிறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இது பயணம் போன கதை. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில் இதயம் தொங்குவது அத்தி மரத்தில், பஞ்சதந்திரத்தில் குரங்கு வாழ்வது நாவல் மரத்தில். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கரையில் முதலை சுறாவாகிவிட்டது. கடலோர ஊர்களில் பயம் அங்கிருந்துதானே வரும்! உங்கள் பாட்டியோ அயினி மரத்தைக் கொண்டுவந்துவிட்டார். இப்படி மாறுவதால்தான் கதை உயிரோடு இருக்கிறது.

கொரியாவுக்கு இது பௌத்தத்தோடு, சீனம் வழியாகப் போயிருக்க வேண்டும். 1145-இல் தொகுக்கப்பட்ட ‘சாம்குக் சாகி’ என்ற அவர்களுடைய வரலாற்று நூலில் இந்தக் கதை வரும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைய கொரிய நாடுகளில் ஒன்றான சில்லாவின் கிம் சுன்சு 642-இல் உதவி கேட்டு, இன்னொன்றான கோகுர்யோவுக்குப் போகிறார். அந்த நாட்டு அரசன், முன்பு தங்களுடையதாக இருந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு, அவரைச் சிறையில் அடைக்கிறான். அங்கே ஓர் அதிகாரி அவருக்கு முயல் கதையைச் சொல்கிறார். ஈரலைக் கழுவிப் பாறைக்கடியில் வைத்திருப்பதாக முயல் சொல்லும் அந்தக் கதைதான். சுன்சுவுக்குப் புரிந்துவிடுகிறது. நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசனுக்கு எழுதிக் கொடுத்து வெளியே வருகிறார். எல்லை தாண்டியதும், அது தன் கையில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

சரி, ஒரு வேண்டுகோள். பாட்டியிடம் கதை கேட்ட வேறு யாராவது உங்கள் வீட்டில் இருப்பார்கள். வெறும் கையோடு திரும்பிய முதலை மனைவியிடம் என்ன சொன்னது என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.