அம்மா ஓடிபி சொல்லிட்டாங்க, இப்ப என்ன பண்றது?

கேள்வி: தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருக்கற எங்கம்மாவுக்கு 71 வயசு. பேங்க்ல இருந்து பேசறேன்னு ஒருத்தன் போன் பண்ணி, யாரோ உங்க பணத்த எடுக்கறாங்க, நிறுத்தணும்னா ஓடிபி சொல்லுங்கன்னான். பேரு, ஐடி நம்பர் எல்லாம் கரெக்டா சொன்னதால நம்பிட்டாங்க. 18,000 ராண்ட் போச்சு. பேங்க் கைய விரிக்குது. இதுகூடத் தெரியாதான்னு அம்மாவ திட்டிட்டேன்.

பதில்: முதல்ல அம்மாவ திட்றத நிறுத்துங்க. திட்டினா அடுத்த தடவ நடந்தத மறைச்சிடுவாங்க. இது படிப்பறிவு சமாச்சாரம் இல்ல, பணம் போகுதுங்கற பயமும் இப்பவே பண்ணுங்கற அவசரமும் சேந்து வந்தா டாக்டரும் ஏமாறுவாரு. ஐடி நம்பர் தெரிஞ்சவன் பேங்க்காரன்னு அர்த்தமே இல்ல. அந்த 13 நம்பர்ல முதல் ஆறு பொறந்த தேதி, முழு நம்பரையும் நாமளே செக்யூரிட்டி கேட் நோட்டுலயும் கடை ஃபாரத்துலயும் எழுதிக் குடுத்துட்டு வர்றோம். எனக்கு எதுல ஆத்திரம்னா, பேங்கே போன் பண்ணி வெரிஃபிகேஷனுக்கு ஐடி நம்பர் சொல்லுங்கன்னு நம்மள வருஷக்கணக்கா பழக்கி வச்சிட்டு, ஏமாந்ததும் உங்க கவனக்குறைவுன்னு லெட்டர் அனுப்புது.

போலீஸ் கேஸ் நம்பர் வாங்குங்க. பேங்குக்கு எழுத்துல புகார் குடுங்க, பணம் போச்சுன்னு நீங்க அவங்ககிட்ட எத்தன மணிக்கு சொன்னீங்க, அவங்க எத்தன மணிக்கு அக்கவுண்ட்ட நிறுத்தினாங்கன்னு கேளுங்க. ஓடிபி குடுத்திருந்தா பெரும்பாலும் மறுப்பாங்க, ஆனா நீங்க பேங்க்ல தகவல் சொன்னப்புறம் போன பணம்னா அது வேற கத. அப்பவும் மறுத்தா நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட்னு, பேங்குக்கும் நமக்கும் நடுவுல நின்னு புகார விசாரிக்கற அமைப்பு இருக்கு, அவங்ககிட்ட போங்க, 2024 மார்ச்ல இருந்து பேங்க் புகாரும் அங்கதான், காசு கிடையாது. அம்மா ஐடில வேற யாரும் கடன் வாங்காம இருக்க மோசடியத் தடுக்கற ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ் அமைப்புல ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் (பாதுகாப்புப் பதிவு) போடுங்க, அதுவும் இலவசம்.

இப்பத்தான் முக்கியமான விஷயம். பணத்த மீட்டுத் தர்றேன், 2,000 ராண்ட் முன்பணம் குடுங்கன்னு ஒருத்தன் வருவான், வாட்ஸ்அப்ல வருவான், கோயில்ல தெரிஞ்சவர் சொன்னாருன்னும் வருவான். ஏமாந்தவங்க லிஸ்ட் கை மாறுது, அதனால அடுத்த போன் அம்மாவுக்குத்தான். ஒரு சென்ட் குடுக்காதீங்க. முன்பணம் கேட்டாலே திருடன்.

ஒரு மோசடி மட்டும் வேற மாதிரி, சிம் ஸ்வாப். அதுல அம்மா யாருக்கும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க, அவங்க நம்பர திருடன் வேற சிம்முக்கு மாத்திட்டா ஓடிபி நேரா அவனுக்கே போயிடும். அடையாளம், போன்ல திடீர்னு சிக்னல் இருக்காது. லோட்ஷெடிங்னு மணிக்கணக்கா கரண்ட்ட நிறுத்தின காலத்துல டவர் போய் போய் சிக்னல் இல்லன்னா வந்துடும்னு உக்காந்திருக்கறது நமக்குப் பழகிப்போச்சு, அந்தப் பழக்கம்தான் அவனுக்கு வேணும். பக்கத்து வீட்ல அதே கம்பெனி சிம் வேல செய்யுதான்னு பாருங்க. அவங்களுக்கு இருந்து அம்மாவுக்கு மட்டும் இல்லன்னா, அவங்க போன வாங்கி, கார்டு பின்னாடி இருக்கற நம்பர்ல முதல்ல பேங்குக்கு அடிங்க, சிம் கம்பெனிக்கு அப்புறம்.