டாமி ஆம்ஸ்ட்ராங்கின் பாட்டுக்கு முகவரிடம் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் டர்ஹம் பக்கத்தில் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய பாடல் குழு நடத்துகிறோம். குழுவில் மூன்று பேர் தமிழர்கள். 1984 சுரங்க வேலைநிறுத்தத்தை நினைவுகூர்ந்து ஊர்க் கூடத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி வைத்து, மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைக்கிறோம்: 'டிரிம்டன் கிரேஞ்ச்', 'பிளாக்லெக் மைனர்', 'கோல் நாட் டோல்'. கடைசிப் பாட்டில் ஒரு பகுதியைத் தமிழிலும் பாட ஆசை. எல்லாம் நாட்டுப்பாடல்தானே என்று இருந்தோம். இப்போது ஒரு முகவர் மூன்றுக்கும் 'பாரம்பரியப் பாடல் உரிமம்' எடுக்க 225 பவுண்ட் கட்டச் சொல்கிறார். ஒரு பதிவுச் சான்றிதழின் படமும் அனுப்பியிருக்கிறார். கட்டாவிட்டால் வழக்கு வருமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் காட்டும் காகிதத்தை வைத்து உங்கள் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் மூன்று பாட்டும் ஒரே மாதிரி இல்லை. இரண்டை நீங்கள் தாராளமாகப் பாடலாம். மூன்றாவதற்கு உரிமையாளர் இருக்கிறார், அவரைக் கேட்க வேண்டும்.

'நாட்டுப்பாடல்' என்ற பெயரை வைத்துப் பிரிட்டனில் எதையும் முடிவு செய்ய முடியாது. எழுதியது யார், அவர் எப்போது இறந்தார் என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் அவருக்கும் வாரிசுகளுக்கும் பதிப்புரிமை உண்டு, அதன் பிறகு பாட்டு எல்லோருக்கும் பொது. நமக்குப் பழகிய 'நாட்டுடைமை' வேறு விஷயம். இங்கே அரசு யாரிடமும் எதையும் வாங்கி மக்களுக்குக் கொடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கு முடிந்தால் உரிமை தானாகவே தீர்ந்துவிடும்.

டிரிம்டன் கிரேஞ்சை எடுத்துக்கொள்வோம். 1882 பிப்ரவரி 16 அன்று அந்தச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து சுமார் எழுபது பேர் இறந்தார்கள். பாட்டை எழுதியவர் டாமி ஆம்ஸ்ட்ராங். சிறு பையனாகவே சுரங்கத்துக்குள் இறங்கியவர். டர்ஹம் மக்கள் 'சுரங்கக் கவிஞர்' என்றே அவரைச் சொல்வார்கள். விபத்து, வேலைநிறுத்தம், வீட்டைவிட்டு வெளியேற்றம் என்று எது நடந்தாலும் அதற்கு அவரிடமிருந்து ஒரு பாட்டு வரும். 1885-ல் ஓக்கி என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் சாமான்களைத் தெருவில் எறிய வந்த ஆட்களைப் பற்றி எழுதினார். 1892-ல் டர்ஹம் முழுவதும் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோதும் எழுதினார். பாட்டுகளைத் தனித்தாளாக அச்சடித்து விற்பார்கள். விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பணம் சேர்க்க அந்தப் பாட்டுகள் உதவின. அவர் 1920-ல் இறந்தார். 70 ஆண்டுக் கணக்கு 1990 முடிவோடு தீர்ந்துவிட்டது. விதவைகளுக்காகப் பாடப்பட்ட பாட்டுக்கு இன்று யாரோ ஒருவர் சான்றிதழ் அச்சடித்துக் காசு கேட்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அந்தச் சான்றிதழ் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல விவரம் தெரிந்தவர்களே இதில்தான் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் பதிப்புரிமைக்கு அரசுப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது, எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. 'பதிவு' என்ற பெயரில் வருவதெல்லாம் தனியார் வியாபாரம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிந்துகொள்ளலாம். முத்திரையும் தங்க நிற ஓரமும் இருந்தால் அது சட்டமாகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குழு இதே மாதிரி ஒரு தாளை நம்பிப் பணம் கட்டியது. அடுத்த வருடம் 'புதுப்பித்தல் கட்டணம்' கேட்டு மறுபடி கடிதம் வந்தது. நூறு வருடத்துக்கு முன் இறந்தவரின் பாட்டில் புதுப்பிக்க என்ன இருக்கிறது?

முகவருக்கு மூன்று வரியில் பதில் எழுதுங்கள். பாட்டின் உரிமையாளர் யார், அவருக்கு எந்த உரிமை இருக்கிறது (சொல்லுக்கா, மெட்டுக்கா, ஒலிப்பதிவுக்கா), முகவருக்கு அந்த உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரம் எங்கே. எனக்குத் தெரிந்து இப்படிக் கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் வந்ததே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய பாட்டு பொதுவாகிவிட்டாலும், அதை ஒருவர் புதிதாக அமைத்த விதம் அவருக்குச் சொந்தமாக இருக்கும். ஆம்ஸ்ட்ராங் பெரும்பாலும் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில்தான் சொல்லைப் பொருத்தினார். பிற்காலப் பாடகர் ஒருவர் அதே சொல்லுக்குத் தானே ஒரு மெட்டுப் போட்டிருந்தால் சொல் பொது, மெட்டு அவருடையது. ஒருவர் நான்கு குரலுக்குப் பிரித்து எழுதியிருந்தால் பாட்டு பொது, அந்தப் பிரிப்பு அவருடையது. உங்கள் நிகழ்ச்சிக்கு பித்தளை வாத்தியக் குழு யாராவது வந்தால் 'கிரெஸ்ஃபோர்ட்' வாசிக்க ஆசைப்படுவார்கள். 1934 கிரெஸ்ஃபோர்ட் சுரங்க விபத்தில் இறந்த 266 பேரின் நினைவாக ராபர்ட் செயின்ட் அமைத்த இசை அது, டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் விழாவில் ஒவ்வோர் ஆண்டும் ஒலிப்பது. அவர் 1950-ல் இறந்தார், 2020 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஆனால் வாத்தியக் குழு கையில் வைத்திருக்கும் அச்சுத் தாள் பிறகு வந்த ஒருவர் அமைத்ததாக இருந்தால், அந்த அமைப்புக்குத் தனி உரிமை உண்டு. மெட்டு பொது என்பதால் தாளும் பொது என்று நினைத்து நகலெடுக்க வேண்டாம். ஒரு பாடகரின் இசைத்தட்டைக் கேட்டு அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் சேர்த்த வரியையும் சேர்த்துப் பாடினால் இதே சிக்கல்தான். பழைய அச்சிலிருந்து சொல்லை எடுங்கள், பழைய மெட்டை வைத்துக்கொள்ளுங்கள், குரல் பிரிப்பை உங்கள் குழுவே செய்யட்டும். அப்புறம் அந்த அமைப்பு உங்களுடையது.

பழைய இசைத்தட்டைப் பின்னணியில் ஓடவிட்டுப் பாடவே வேண்டாம். ஒலிப்பதிவுக்குத் தனியாக 70 ஆண்டு உண்டு.

'பிளாக்லெக் மைனர்', நம் தொழிற்சங்கங்களில் கருங்காலி என்கிறோமே அவனைப் பற்றிய பாட்டு. வேலைநிறுத்தம் நடக்கும்போது திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவன். சொல்லில் நார்தம்பர்லாந்தின் செகில், டெலவல் ஊர்கள் வருகின்றன. எழுதியவர் யாரென்று தெரியாது. 1952-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஏ.எல். லாய்ட் தன் சுரங்கப் பாடல் தொகுப்பில் அச்சிட்ட பிறகுதான் பரவலானது. 1984-85-லும் வேலைநிறுத்த ஆதரவாளர்கள் இதைப் பாடினார்கள். பல பத்தாண்டுகளாகப் பாடகர்கள் மரபுப் பாடலாகவே பதிவு செய்து வருகிறார்கள். நீங்களும் பாடுங்கள்.

'கோல் நாட் டோல்' அப்படியல்ல. அது கென்ட் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த கே சட்கிளிஃப் 1984-85 போராட்டத்தில் எழுதியது. நம் காலத்துப் பாட்டு. 1984 மார்ச்சில் தொடங்கி ஒரு வருடம் நடந்த அந்தப் போராட்டத்தில் பெண்கள் பொதுச் சமையலறை நடத்தினார்கள், மறியலில் நின்றார்கள், பாட்டும் எழுதினார்கள். அவர்கள் பாட்டை 'நாட்டுப்பாடல், யாருடையதும் இல்லை' என்று சொல்வது, முகவர் ஆம்ஸ்ட்ராங் பாட்டில் காசு பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த தவறு இல்லை. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கூடத்தில் பாட, கூடத்துக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று பொறுப்பாளரைக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். யூடியூபுக்கும் பாடலாசிரியர்களின் சங்கமான பிஆர்எஸ்ஸுக்கும் ஒப்பந்தம் இருப்பதால், பதிவேற்றினால் பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். தமிழில் பாடுவதற்கு மட்டும் இந்த வழிகள் எதுவும் போதாது. மொழிபெயர்ப்பு ஆசிரியரின் தனி உரிமை. பிஆர்எஸ் மூலமாகவோ பதிப்பாளர் மூலமாகவோ உங்கள் தமிழ் வரிகளையும் அவற்றின் பொருளையும் அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பெரும்பாலும் அன்பான பதில்தான் வரும்.

பாட்டுப் பட்டியலில் அமெரிக்கப் பாட்டுகளைச் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம். 'சிக்ஸ்டீன் டன்ஸ்' மெர்ல் டிராவிஸ் எழுதியது. 1947-ல் அது வந்த இசைத்தட்டுத் தொகுப்பின் பெயரே 'ஃபோக் சாங்ஸ் ஆஃப் தி ஹில்ஸ்'. பெயரில் நாட்டுப்பாடல், உள்ளே உரிமையுள்ள பாட்டு. 1931-ல் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில், கணவரைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்த பிறகு ஃபுளோரன்ஸ் ரீஸ் எழுதிய 'விச் சைடு ஆர் யூ ஆன்' பாட்டையும் ஊர்ப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். அவர் 1986 வரை வாழ்ந்தார்.

யூடியூபில் 'டிரிம்டன் கிரேஞ்ச்' மீது யாராவது உரிமை கோரினால் பயப்படாதீர்கள். பொதுவாகிவிட்ட பாட்டு என்ற காரணத்தைக் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள், எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம். 'கோல் நாட் டோல்' மீது கோரினால் மறுக்காதீர்கள். அது நியாயமான கோரிக்கை, வீணாக மறுத்தால் உங்கள் சேனலுக்குத்தான் ஆபத்து.

இவ்வளவையும் ஒரு பாடல் குழு தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். எந்தப் பாட்டு பொதுவாகிவிட்டது என்று ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பிஆர்எஸ் போன்ற சங்கங்களின் பட்டியலில் ஒரே பழைய பாட்டு பத்துப் பேர் அமைத்ததாகப் பத்து முறை பதிவாகியிருக்கும், அந்தப் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அது பத்துப் பேருக்குச் சொந்தம் போலத் தெரியும். முகவர்கள் பிழைப்பது இந்த இருட்டில்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடந்து காத்த பாட்டுகளுக்கு ஒரு சுத்தமான பட்டியல் போட இத்தனை வருடமா?

சரி, முதலில் கூடப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். பாடும் பாட்டுகளின் பட்டியல் கேட்டால், 'கோல் நாட் டோல்' எதிரே கே சட்கிளிஃப் பெயரைத் தவறாமல் எழுதுங்கள், பணம் அவருக்குப் போய்ச் சேர அதுதான் வழி. 'பிளாக்லெக் மைனர்' எதிரே மரபுப் பாடல், அமைப்பு உங்கள் குழு என்று போடுங்கள். 'டிரிம்டன் கிரேஞ்ச்' எதிரே மரபு என்று எழுதாமல் டாமி ஆம்ஸ்ட்ராங் என்றே எழுதுங்கள். யூடியூப் குறிப்பிலும் அதே பெயர் இருக்கட்டும்.